541 கேள்விகளில் 30: முதியோர் இல்லத்தை அளக்கக் கற்ற கதை



சென்ற இதழில் லிப்ட் வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னை வழியில் நிறுத்திப் பேசியவர்களில் மூன்று பேர் லிப்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "சார், அம்மாவை இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நல்ல இல்லமாகப் பார்க்க வேண்டும். எதை வைத்து நல்லது என்று சொல்வது?" என்று கேட்டார்கள். ஒருவர் கேட்கும்போதே தலையைக் குனிந்துகொண்டார். அதில் குனிய ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

எதை வைத்துச் சொல்வது என்ற கேள்விக்கு விடை தேடி, ஒரு பெரிய நாடு அறுபது எழுபது ஆண்டுகள் தட்டுத்தடுமாறியிருக்கிறது. அந்த நாடு அமெரிக்கா. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், நாம் ஒரு இல்லத்தின் வாசலில் போய் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது ஓரளவு பிடிபடும். அதனால் இந்த முறை வரலாற்றுப் பக்கத்தில் அந்தக் கதை.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் பதினைந்து படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போவோம், நான்கு நாளில் வீடு திரும்புவோம். அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் தானாக எழவோ குளிக்கவோ முடியாதவர்கள் மாதக்கணக்கில், பல சமயம் கடைசிவரை, தங்கும் இடம். இன்று அங்கே ஏறக்குறைய 15,000 இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் 12 லட்சம் பேருக்குமேல் வசிக்கிறார்கள். இனி நான் இல்லம் என்று எழுதுவது இந்த வகையைத்தான்.

இந்த இல்லங்களை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. 1930கள் வரை அமெரிக்காவில் ஆதரவற்ற முதியவர்களுக்கு உள்ளூர் நிர்வாகம் நடத்திய தர்மச் சத்திரங்கள்தான் கதி. அவை அவமானத்தின் சின்னமாக இருந்தன. 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அந்தச் சத்திரங்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு விதி சேர்த்தார்கள்: அரசு நடத்தும் விடுதியில் தங்கியிருப்பவருக்கு முதியோர் உதவித்தொகை கிடையாது. பணம் கையில் இருந்தால் முதியவர்கள் சொந்த வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் நடக்க முடியாதவர் பணத்தை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வார்? கொஞ்சம் பெரிய வீடு வைத்திருந்தவர்களும், வேலையை விட்ட நர்ஸுகளும் அறைகளை வாடகைக்கு விட்டு, சாப்பாடு போட்டு, முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அரசுச் சத்திரத்தில் இருந்தால் உதவித்தொகை இல்லை, தனியார் வீட்டில் இருந்தால் உண்டு. இப்படித்தான் தனியார் நர்சிங் ஹோம் என்ற தொழில் பிறந்தது. மாநிலங்கள் இந்த இல்லங்களுக்கு உரிமம் தர ஓர் அமைப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையே 1950-ல்தான் வந்தது.

உரிமம் என்றால் சோதனை வேண்டும். எதைச் சோதிப்பது? அதைத் தீர்மானித்தது தீ.

1957 பிப்ரவரியில் மிசௌரி மாநிலத்தின் வாரன்டன் ஊரில் ஓர் இல்லம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். 1963 நவம்பர் 23-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஃபிட்ச்வில்லில் இன்னோர் இல்லம். அங்கே 63 பேர். தேதியைக் கவனித்தீர்களா? கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு அடுத்த நாள். வேறெந்த நாளாக இருந்தாலும் நாடு முழுவதும் பேசியிருக்கும் செய்தி, அந்தத் துக்கத்துக்குள் மறைந்துபோனது. இத்தகைய விபத்துகளால் சோதனை அதிகாரிகளின் பட்டியலில் தீத்தடுப்புக் கதவு, நடைவழி அகலம், நீர் தெளிக்கும் குழாய், வெளியேறும் வழி எல்லாம் ஏறின. எல்லாமே அவசியமானவை, மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு பழக்கமும் கூடவே வந்துவிட்டது. இல்லத்தைச் சோதிப்பது என்றால் கட்டடத்தைச் சோதிப்பது என்று ஆகிவிட்டது. 1954 முதல் இல்லங்கள் கட்ட அரசு கொடுத்த மானியமும் ஆஸ்பத்திரிகளுக்கான திட்டத்தின் கீழேயே வந்ததால், புதிய இல்லங்கள் குட்டி ஆஸ்பத்திரிகளாகவே எழும்பின: நீண்ட நடைவழி, இருபுறமும் அறைகள், நடுவில் நர்ஸ் மேசை.

1965 ஜூலை 30-ல் ஜனாதிபதி ஜான்சன் மெடிக்கேர், மெடிக்கெய்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். முதலாவது முதியோருக்கான மருத்துவக் காப்பீடு, இரண்டாவது ஏழைகளுக்கானது. இல்லங்களுக்கு அரசுப் பணம் ஆறாக ஓடிவந்தது. அறுபதுகளின் கடைசியில் நர்சிங் ஹோம் கம்பெனிகளின் பங்குகள் பங்குச் சந்தையில் சூடாக விற்றன. தரம் மட்டும் பணத்தின் வேகத்தில் வரவில்லை. சட்டம் கேட்ட தகுதிகள் பெரும்பாலான இல்லங்களுக்கு இல்லை. எல்லாரையும் தள்ளினால் முதியவர்களை எங்கே வைப்பது? ஆகவே 'பெரும்பாலும் விதிகளுக்கு உட்பட்டது' என்று சொல்லி உள்ளே விட்டார்கள். நம் பக்கத்தில் கட்டட அனுமதி விவகாரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லாடலை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகள் முழுக்க அம்பலங்களின் காலம். செனட்டர் ஃபிராங்க் மாஸ் தலைமையிலான துணைக்குழு ஆண்டுக்கணக்கில் விசாரணை நடத்தியது. மேரி அடிலெய்டு மெண்டல்சன் என்ற பெண்மணி 1974-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நியூயார்க்கில் தனி விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. படுக்கைப்புண், பட்டினி, திருட்டு, கள்ளக் கணக்கு என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை. எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது வேறு: இவற்றில் பல இல்லங்கள் சோதனையில் தேறி, உரிமத்தோடு நடந்தவை. எப்படித் தேறின?

இதற்கு விடை கொலராடோ மாநிலத்தில், ஒரு வழக்கில் கிடைத்தது. 1975-ல் அங்குள்ள இல்லவாசிகள் சிலர் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். இல்லம் மோசம் என்பது மட்டும் அவர்கள் வாதம் அல்ல. 'எங்களுக்காக அரசு பணம் கொடுக்கிறது; அந்தப் பணத்துக்கு உண்மையிலேயே பராமரிப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது அரசின் கடமை; அதைச் செய்யவில்லை' என்றார்கள். வழக்கு ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. நடுவில் சோதனை அதிகாரிகள் பயன்படுத்திய அரசுப் படிவத்தை நீதிமன்றம் எடுத்துப் படித்தது. படிவத்தில் 541 கேள்விகள். அவற்றில் நோயாளியின் பராமரிப்போடு ஓரளவாவது தொடர்புள்ளவை, அல்லது நோயாளியை நேரில் பார்த்தால்தான் விடை எழுத முடியும் என்பவை, எத்தனை தெரியுமா? 30. மீதி 511 கேள்விகளுக்கும் ஒரு முதியவரைக்கூடப் பார்க்காமல் விடை எழுதிவிடலாம்.

இல்லம் நல்ல பராமரிப்பு தரக்கூடிய நிலையில் இருக்கிறதா என்றுதான் படிவம் கேட்டது. தருகிறதா என்று கேட்கவில்லை. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பராமரிப்பு உண்மையில் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் கடமை மத்திய அரசின் சுகாதாரச் செயலாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஸ்மித் எதிர் ஹெக்ளர் வழக்கு என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை நீதிமன்றத்துக்கு முன்பே தெளிவாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. பெய்ரூட்டில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற டாக்டர் அவெடிஸ் டொனபீடியன். 1966-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மருத்துவத் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம் என்றது: அமைப்பு, செயல்முறை, விளைவு. படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்று மெத்தை இருக்கிறதா, போதிய ஊழியர் இருக்கிறார்களா என்பது அமைப்பு. படுத்திருப்பவரை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார்களா என்பது செயல்முறை. புண் வந்ததா இல்லையா என்பது விளைவு.

'அப்படியானால் விளைவை மட்டும் பார்த்தால் போதுமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் எண்பத்தைந்து வயதில், மூன்று நோய்களோடு வந்தவர் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் தளர்ந்துதான் போவார். விளைவை மட்டும் எண்ணி மதிப்பெண் போட்டால் இல்லங்கள் என்ன செய்யும்? நடமாடுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை 'இடமில்லை' என்று திருப்பி அனுப்பும். யாருக்கு இல்லம் அதிகம் தேவையோ அவருக்கே கதவு அடையும். எனவே ஒருவர் வரும்போது எந்த நிலையில் வந்தார் என்று முதலில் அளக்க வேண்டும்.

அதை அளக்கும் கோல் கிளீவ்லாந்தில் தயாராகியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து வந்த முதியவர்களைக் கவனித்துவந்த டாக்டர் சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் 1963-ல் ஆறே செயல்களைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது. இவற்றில் எத்தனையைத் தானாகச் செய்கிறார்? அவ்வளவுதான் கேள்வி. இன்று நம் ஊர் முதியோர் மருத்துவர்களும் இதையே கேட்கிறார்கள். காட்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். உடல் தேறிவருகிறவர்கள் இந்தத் திறன்களைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தை அவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையை ஒத்திருந்தது. சாப்பிடுவது முதலில் வரும், குளிப்பது கடைசியில்.

1982-ல் ரீகன் அரசு இல்லங்களின் மீதான சோதனைகளைத் தளர்த்தப் பார்த்தது. நல்ல இல்லங்களுக்கு அடிக்கடி சோதனை வேண்டாம், அரசுச் சோதனைக்குப் பதிலாகத் தனியார் அமைப்பின் சான்றே போதும் என்ற திட்டம். எதிர்ப்பு கிளம்பியது. காங்கிரஸ் தடுத்தது. கடைசியில் இரு தரப்பும், 'நடுநிலையான ஒரு குழு ஆராய்ந்து சொல்லட்டும்' என்ற இடத்தில் வந்து நின்றன. பொறுப்பு மருத்துவக் கழகத்திடம் போனது. குழுவின் தலைவர் அதே சிட்னி காட்ஸ். 1986-ல் வந்த அறிக்கைக்கு 'நர்சிங் ஹோம்களில் பராமரிப்பின் தரத்தை மேம்படுத்துதல்' என்பது போன்ற சாதுவான தலைப்பு. உள்ளே இருந்தது சாதுவானது அல்ல. விதிகளைத் தளர்த்தச் சொல்லும் என்று அரசு எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான்; இறுக்கச் சொன்னது. ஒவ்வொரு முதியவரையும் ஒரே முறையில் மதிப்பிடுங்கள், சோதனைக்கு வருகிறவர் காகிதத்தை விட்டு முதியவரிடம் போய்ப் பேசட்டும் என்றது.

அதற்கு ஓராண்டு முன்பு இன்னொரு வேலையும் நடந்திருந்தது. எல்மா ஹோல்டர் என்ற பெண்மணி உருவாக்கிய குடிமக்கள் கூட்டமைப்பு, 15 நகரங்களில் 450 பேருக்குமேற்பட்ட இல்லவாசிகளை உட்கார வைத்து, 'உங்களுக்கு நல்ல பராமரிப்பு என்றால் என்ன?' என்று கேட்டது. வல்லுநர்கள் பேசிய அளவுக்கு இல்லவாசிகளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவர்கள் முதலில் சொன்னது மருந்தையோ கட்டடத்தையோ அல்ல. ஊழியர்களை. போதுமான பேர் வேண்டும், அன்பாக நடந்துகொள்ள வேண்டும். சாப்பாடும், எப்போது எழுவது எப்போது தூங்குவது என்பதில் தங்களுக்கும் ஒரு சொல் இருப்பதும் கூடவே வந்தன.

இதெல்லாம் சேர்ந்து 1987 டிசம்பரில் சட்டமானது. ஒரு பிரம்மாண்டமான பட்ஜெட் சட்டத்தின் வயிற்றுக்குள் நர்சிங் ஹோம் சீர்திருத்தம் ஒளிந்திருந்தது, ரீகனே கையெழுத்திட்டார். ஒவ்வொருவரும் எட்டக்கூடிய அதிகபட்ச உடல், மன நலத்தை அடைய இல்லம் உதவ வேண்டும் என்பது அதன் மையம். உதவி நர்ஸுகளுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது. அதற்கு முன் பல மாநிலங்களில் நேற்று வரை வேறு வேலை பார்த்தவர் இன்று காலை ஒரு முதியவரைக் குளிப்பாட்டலாம். அறிவிக்காமல் வரும் சோதனை 15 மாதத்துக்குள் ஒருமுறையாவது நடக்க வேண்டும். வருகிறவர்கள் சில முதியவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களோடு பேசி, சாப்பாட்டு நேரத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு முதியவருக்கும் நாடு முழுவதும் ஒரே மதிப்பீட்டுப் படிவம் வந்தது.

இந்தச் சட்டம் தொட்டதில் கண்ணுக்குத் தெரிந்து மாறியது, கட்டிப்போடும் வழக்கம். எண்பதுகளில் அமெரிக்க இல்லங்களில் நூற்றில் நாற்பது பேர் அளவுக்கு, நாற்காலியிலோ படுக்கையிலோ, இடுப்பிலோ மணிக்கட்டிலோ வார் போட்டுக் கட்டப்பட்டிருந்தார்கள். கொடுமை செய்யும் நோக்கத்தில் அல்ல. விழுந்துவிடக் கூடாது என்று.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு மறதி நோய் முற்றியபோது, நகரத்துக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன் மூன்று முறை போய்ப் பார்த்தேன். வழுக்காத டைல்ஸ், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, எல்லா நடைவழியிலும் காமிரா, தோட்டம், ஜெனரேட்டர். எஞ்சினியர் அல்லவா, ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சொல்லாமல் போனேன். அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு, நாற்காலியின் பின்பக்கம் முடிச்சு. பணியில் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டேன். அவள் சொன்னாள்: "எந்திரிச்சு விழுந்துடுறாங்க சார். நான் ஒருத்திதான் இருக்கேன், பதினாறு பேருக்கு."

அந்த வாக்கியத்தின் முதல் பாதிதான் அன்று என் காதில் விழுந்தது.

கட்டினால் விழமாட்டார்கள் என்பது சரியா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள் இதைச் சோதித்தன. கட்டப்பட்டவர்களுக்குப் பலத்த அடிபடுவது குறையவில்லை. கட்டிவைத்தால் கால் தசை தளர்கிறது. அவிழ்த்த அன்று நிற்க முடியாமல் விழுகிறார்கள். படுக்கைப்புண் வருகிறது, கழிவறைக்குப் போக முடியாமல் ஈரத்திலேயே உட்காருகிறார்கள், வாரிலிருந்து நழுவி மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் குவேக்கர் சமூகத்தோடு தொடர்புடைய கெண்டல் என்ற அமைப்பு, எழுபதுகளில் தொடங்கிய நாளிலிருந்தே யாரையும் கட்டாமல் நடத்திவந்தது. 'முதியவர்களை அவிழ்த்துவிடுங்கள்' என்று எண்பதுகளில் அவர்கள் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். படுக்கையின் உயரத்தைக் குறைத்தார்கள். ஒருவர் ஏன் எழப் பார்க்கிறார் என்று கேட்டார்கள். பெரும்பாலும் கழிவறைக்கு, இல்லையென்றால் வலி, இல்லையென்றால் வெறும் சலிப்பு. 1987 சட்டத்துக்குப் பின் கட்டும் விகிதம் சரிந்து, 2010களில் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. கணக்கெடுத்து, கேள்வி கேட்டு, பதிவு செய்தால் ஒரு பழக்கம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சலிப்பு என்றதும் ஒரு சின்ன வழிவிலகல். 1991-ல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூர் இல்லத்துக்கு பில் தாமஸ் என்ற இளம் டாக்டர் வந்தார். இங்கே முதியவர்களை வாட்டுவது தனிமை, கையாலாகாமை, சலிப்பு மூன்றும்தான் என்று முடிவுகட்டி, இரண்டு நாய், நான்கு பூனை, நூறு பறவைகளை உள்ளே கொண்டுவந்தார். கூண்டுகள் வருவதற்கு முன் பறவைகள் வந்து சேர்ந்துவிட்டனவாம்! நம் குடியிருப்பில் ஒரு நாய் வந்ததற்கே பொதுக்குழு மூன்று மணி நேரம் நடந்தது நினைவிருக்கும். தாமஸின் யோசனை பின்னால் வளர்ந்து, 2003-ல் மிசிசிப்பியின் டுபெலோவில் பத்துப் பேர் அளவில் ஒன்றாக வாழும் சிறு வீடுகளாக உருவெடுத்தது. நடுவில் சமையலறை, நீண்ட நடைவழி கிடையாது.

அளவிடுவது வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அளவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் அளவுகோலை வளைக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

1998-ல் இல்லங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இணையதளத்தை அமெரிக்க அரசு திறந்தது. அதே ஆண்டு அரசின் தணிக்கைத் துறை கலிபோர்னியா இல்லங்களை ஆராய்ந்து, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் கடுமையான பராமரிப்புக் குறைகள் இருந்ததாகச் சொன்னது. அறிவிக்காத சோதனை என்று பெயர், ஆனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதத்தில், வேலை நாளில், பகலில் வந்தால் அது யாருக்குத் தெரியாது? அடுத்த ஆண்டு முதல் சோதனைகளில் பத்தில் ஒன்றாவது மாலையிலோ, விடுமுறை நாளிலோ தொடங்க வேண்டும் என்று விதித்தார்கள்.

2008 டிசம்பரில் ஹோட்டல்களுக்குப் போல ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தந்தார்கள். சோதனை முடிவு, ஊழியர் எண்ணிக்கை, பராமரிப்பு அளவுகள் மூன்றையும் கூட்டி வரும் மதிப்பு. பின்னிரண்டும் இல்லங்கள் தாங்களே எழுதிக் கொடுத்தவை. நட்சத்திரங்கள் வேகமாகக் கூடின! 2014-ல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்தன.

அதைவிட வருத்தமானது மருந்துக் கதை. வாரால் கட்டுவது குறைந்தபோது மயக்கமூட்டும் மனநோய் மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2011 இறுதியில் நீண்டகாலம் தங்கியிருந்தவர்களில் 23.9 சதவீதம் பேர் இத்தகைய மருந்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அரசு இதைக் குறைக்க இயக்கம் தொடங்கியது. எண்ணிக்கையும் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்கு அந்த மருந்து நியாயமாகத் தேவை என்பதால் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மெல்ல மெல்ல, எண்பது வயதுக்காரர்களுக்குப் புதிதாக ஸ்கிசோஃப்ரினியா 'வர' ஆரம்பித்தது. இளம் வயதில் தலைகாட்டும் நோய் அது. எண்பதில் புதிதாக வருவது அபூர்வம். 2021-ல் ஒரு நாளிதழ் இதை விரிவாக எழுத, 2023-ல் அரசு அந்த நோய்க் குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

ஆக, எந்த அளவை வளைப்பது கடினம்? ஊழியர் எண்ணிக்கையைத்தான், அதுவும் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்தால். 2010-ல் வந்த ஒபாமா காலச் சட்டம் இதைக் கேட்டது. 2016 முதல் இல்லங்கள் நாள்வாரியாகச் சம்பளக் கணக்கை அனுப்ப வேண்டியதானது. கணக்கு வெளியானபோது, பல இல்லங்கள் முன்பு சொன்னதைவிடக் குறைவான ஆட்களை வைத்திருந்தது தெரிந்தது. சனி, ஞாயிறுகளில் எண்ணிக்கை இன்னும் சரிந்தது.

எத்தனை பேர் இருந்தால் போதும்? 2001-ல் அரசே செய்த ஆய்வு, நீண்டகாலம் தங்குபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேர நர்ஸ், உதவி நர்ஸ் உழைப்பு இல்லையென்றால் பராமரிப்பு கெடும் என்றது. அக்காவின் மாடியை வைத்துப் போட்டுப் பார்த்தேன். பதினாறு பேருக்கு 65.6 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு ஆட்கள், அதாவது ஷிப்டுக்கு இரண்டு மூன்று பேர். அந்தப் பெண் ஒருத்தியாக நின்றாள். அவள் மீது சத்தம் போட்டதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அமெரிக்காவில் அந்த ஆய்வு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-ல்தான் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்சம் விதித்தார்கள்: 3.48 மணி நேரம். ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று இல்லங்கள் வழக்குப் போட்டன. 2025-ல் டெக்சாஸில் ஒரு நீதிபதி அதை ரத்து செய்தார். ஆள் கிடைக்காது என்பது முழுப் பொய்யும் அல்ல. அந்த வேலைக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு யார் வருவார்கள் என்பதுதான் மறுபக்கம்.

நம் நாட்டில் 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆதரவற்ற 150 பேர் தங்கும் இல்லத்தைப் பற்றிப் பேசுகிறது. அவற்றின் தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் நீங்களும் நானும் பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் இல்லத்தில் ஞாயிறு இரவு எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்து திறந்து பார்க்க நமக்கு ஒரு பட்டியல் கிடையாது. நாமே போய்த்தான் எண்ண வேண்டும்.

அக்கா இப்போது வேறோர் இல்லத்தில் இருக்கிறாள். டைல்ஸ் பழசு, தோட்டம் சுமார். சேர்ப்பதற்கு முன் இந்த முறை நான்கு கேள்வி கேட்டேன். ஞாயிறு இரவு இந்த மாடியில் எத்தனை பேர்? பார்த்துக்கொள்கிறவர்கள் இங்கே எத்தனை காலமாக வேலை செய்கிறார்கள்? இப்போது யாருக்காவது படுக்கைப்புண் இருக்கிறதா, அது இங்கே வந்ததா, வரும்போதே இருந்ததா? எழப் பார்ப்பவரை என்ன செய்வீர்கள்? மேலாளர் அம்மா முதல் கேள்விக்கு ஒரு நோட்டைத் திறந்து, பெயர்களைக் காட்டினார். நான்காவது கேள்விக்கு, "எங்கே போகணும்னு கேட்போம், கூடவே போவோம்" என்றார். பிறகு அங்கே இருந்த முதியவர் ஒருவரிடம் போய்ப் பேச என்னைத் தனியாக விட்டார்.

சென்ற மாதம் அக்கா ஒருமுறை விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. அன்று இரவே எனக்குப் போன் வந்தது.

நான் ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு அங்கே போகிறேன். காரில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். என்னை வழியில் நிறுத்திக் கேட்ட மூவரும் ஒருமுறை கூட வந்து பார்க்கலாம். வேறு இல்லங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், எண்ணிக்கையோடு எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறேன்.